முதலில் எது மாறியது?

டிமென்ஷியா என்று சந்தேகப்பட்டு வரும் குடும்பத்திடம் “ஞாபகம் எப்படி இருக்கு?” என்று கேட்கும் மருத்துவரைவிட, “முதலில் எது மாறியது?” என்று கேட்கும் மருத்துவரை நான் அதிகம் நம்புகிறேன். வீட்டார் பெரும்பாலும் கடைசியாக நடந்ததைத்தான் சொல்வார்கள். மகளையே யாரென்று கேட்டார், ராத்திரி கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார், பாத்ரூம் எங்கே என்று தெரியவில்லை. முற்றிய நிலையில் எல்லா வகையும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஆகிவிடும்: படுக்கை, பேச்சில்லாமை, விழுங்க முடியாமை. வேறுபாடெல்லாம் தொடக்கத்தில்தான். அந்தத் தொடக்கத்தை அறிந்தவர் கூடவே வாழ்ந்த ஒருவர் மட்டுமே.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து “மூளை சுருங்கியிருக்காம்” என்கிறோம். எங்கே சுருங்கியிருக்கிறது என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நெற்றிக்குப் பின்னாலா, காதுக்கு உள்பக்கமா, பிடரிப் பக்கமா? அந்த இடத்தைப் பொறுத்துத்தான் ஒருவர் முதலில் எதை இழக்கிறார் என்பது அமைகிறது.

*

1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஆகுஸ்டே டேட்டருக்கு வயது 51. அலாய்ஸ் அல்சைமர் அவரிடம் பேசிப் பேசிக் குறித்து வைத்தார். கணவர் பெயர் என்ன என்றால் தன் பெயரையே சொல்கிறார். தட்டில் இருப்பது காலிஃபிளவரும் பன்றிக்கறியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் பசலைக்கீரை என்கிறார். 1906இல் அவர் இறந்தபின் மூளை மியூனிக்குக்கு வந்தது. அதே ஆண்டு டூபிங்கனில் அல்சைமர் அதைப் பற்றிப் பேசினார். 1910இல் மனநல மருத்துவர் கிரேப்பெலின் தன் பாடநூலில் அந்த நோய்க்கு அவர் பெயரை வைத்தார்.

இதெல்லாம் பலரும் சொல்லும் கதை. அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. அல்சைமரின் அறிக்கைப்படி, அந்தப் பெண்ணிடம் முதலில் தெரிந்த மாற்றம் மறதி அல்ல, கணவர்மேல் சந்தேகம். மறதி அதன் பிறகுதான் வந்தது. உலகம் முழுக்க மறதிக்கு அடையாளமாகிவிட்ட நோயின் முதல் நோயாளிக்கே தொடக்கம் குணமாற்றமாகத்தான் இருந்திருக்கிறது.

*

இருந்தாலும் அல்சைமர் நோயின் வழக்கமான தொடக்கம் அண்மை நினைவுதான். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி முதலில் அடிபடுகிறது. என் பெரியம்மாவைப் பார்க்கக் காலையில் காரைக்குடியிலிருந்து தம்பி மகன் வந்துவிட்டுப் போனான். மாலையில் அது அவர் நினைவில் இல்லை. “அதிரசம் கொண்டுவந்தானே பெரியம்மா” என்று எடுத்துக்கொடுத்தாலும் வராது. “அப்படியா? எப்ப வந்தான்?” என்பார். பதியவே இல்லாத ஒன்றைத் தேடி எடுக்க முடியாது. ரத்தக்குழாய் அடைப்பால் வரும் வகையில் பலருக்கு இப்படி எடுத்துக்கொடுத்தால் போதும்: “ஆமா, அதிரசம்… கொஞ்சம் கருகியிருந்துச்சு” என்று மெதுவாக வந்துவிடும். அங்கே நினைவு உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் தாமதம். வீட்டிலேயே கவனிக்கக்கூடிய வேறுபாடு இது.

பெரியம்மாவுக்கு உபசாரம் கடைசிவரை போகவில்லை. யார் வந்தாலும் “வாங்க, உட்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்.” வந்த உறவினர் வாசலில் செருப்பு மாட்டும்போது, “நல்லாத்தானே பேசறாங்க, நீங்கதான் என்னென்னவோ சொல்றீங்க” என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரை இதைவிட நோகடிக்கும் பேச்சு வேறில்லை. அல்சைமரில் மரியாதையும் பழக்கவழக்கமும் நெடுநாள் நிற்கும். நோய் இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

திருட்டுப் பழியும் இதிலிருந்து வருவதுதான். சங்கிலியை அரிசி டிரம்முக்குள் வைத்தது நினைவில் இல்லை. வைத்த இடத்தில் காணோம். வைத்ததே நினைவில்லாதவருக்கு, யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்காது. பழி பெரும்பாலும் வேலைக்கு வரும் பெண்மேல் விழுகிறது, அல்லது மருமகள்மேல். அந்த இருவரிடமும் யாராவது உட்கார்ந்து இதை விளக்க வேண்டும்.

*

இதற்கு நேரெதிர் ஒன்று. கணக்கு ஆசிரியராக இருந்த ஒருவர், ஐம்பத்தைந்து வயதுக்காரர். மாணவர் பெயர் மறக்கவில்லை, பஸ் நம்பர் மறக்கவில்லை, வட்டிக் கணக்கு தப்பவில்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து ஜாங்கிரியை எடுத்துத் தின்றார். துக்க வீட்டில் சிரித்தார். மனைவி கை முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது, “காபி எங்கே?” என்று மட்டும் கேட்டார். தினமும் அதே தெரு, அதே கடை, அதே நேரத்தில் அதே கடலைமிட்டாய்.

“கொழுப்பு” என்றது ஊர். “வேற தொடர்பு இருக்கும்” என்றது உறவு. அவர் மனைவி மூன்று மருத்துவர்களைப் பார்த்தபிறகுதான் ஒருவர் முன்மூளைச் சிதைவு என்றார்.

1892இல் பிராகில் ஆர்னால்ட் பிக் விவரித்தது இந்த நோய்க் குடும்பத்தைச் சேர்ந்ததைத்தான். இன்று ஃப்ரன்டோ டெம்போரல் டிமென்ஷியா என்கிறார்கள். பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில் தொடங்குகிறது. அடக்கம் போவது, பிறர் வலி தைக்காமல் போவது, எதிலும் ஈடுபாடில்லாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, இனிப்பின் மேல் வெறி, திட்டமிட முடியாமை – 2011இல் வகுத்த அளவுகோலின் ஆறு அம்சங்களில் மூன்று இருந்தால் சந்தேகிக்கலாம். அந்த ஆறாவதில்கூட, திட்டமிடல் குறைந்தாலும் நினைவும் இடம் அறியும் திறனும் ஓரளவு நன்றாக இருப்பதுதான் அடையாளம்.

பலருக்கு மனச்சோர்வு என்றோ இருமுனைக் கோளாறு என்றோ முதலில் எழுதப்படுகிறது. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரை இந்த வகைக்குப் பயன் தருவதில்லை. சிலருக்குக் குணக்கேட்டைக் கூட்டவும் செய்யும்.

நோயாளியாகவே யாரும் பார்க்காமல் வருடக்கணக்கில் திட்டு வாங்குபவர்கள் இவர்கள்தான். அல்சைமர் நோயாளியைப் பார்த்து ஊர் இரக்கப்படுகிறது. இவர்களிடம் நோய் தாக்கியிருப்பதே மற்றவர்கள் இவர்கள்மேல் இரக்கப்படுவதற்குக் காரணமாக இருந்த பகுதியை. என் மனதை மிகவும் வருத்துவது இந்த வகைதான்.

*

இதே நோய்க் குடும்பத்தில் இன்னொரு கிளை, சொல்லின் பொருள் உதிர்வது. பேச்சு தடையில்லாமல் ஓடும், இலக்கணம் தப்பாது. ஆனால் நாற்பது வருடம் சமைத்தவர் நடுவில் நிறுத்தி, “பூண்டுன்னா என்ன?” என்பார். பெயர் நாக்கில் வராமல் தவிப்பது எல்லோருக்கும் உண்டு. இங்கே பூண்டைக் கையில் கொடுத்தாலும் அது என்னவென்று தெரியாது. நேற்று யார் வந்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்வார். 1975இல் ஆய்வாளர் எலிசபெத் வாரிங்டன் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்.

பேச்சே திக்கித் திணறும் வகை வேறு. அது வந்த கனடாவின் ஆன் ஆடம்ஸ் அறிவியலாளராக இருந்து ஓவியரானவர். 1994இல் இசையமைப்பாளர் ரவேலின் ‘பொலேரோ’ இசையை அப்படியே வண்ணக் கட்டங்களாக வரைந்தார். பேச்சுக் குறை வெளியே தெரிந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அதே இசையை 1928இல் எழுதிய ரவேலுக்கும் பின்னாளில் பேச்சும் எழுத்தும் போயின.

*

லூயி உடல் வகையைப் பற்றி அதிகம் எழுத வேண்டும். தவறான மருந்தால் உடனடி ஆபத்து அதிகம் இதில்தான்.

ஃபிரிட்ஸ் லூயி 1912இல் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் பின்னாளில் லூயி உடல்கள் எனப் பெயர்பெற்ற சிறு உருண்டைகளைக் கண்டார். மியூனிக்கில் அல்சைமரின் ஆய்வகத்தில் வேலை செய்தவர். யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே உருண்டைகள் மூளைப் புறணி முழுக்கப் பரவி டிமென்ஷியாவை உண்டாக்குவதை 1976இல் ஜப்பானின் கென்ஜி கொசாகா எழுதினார். நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014இல் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோதுதான் அவருக்கு இருந்தது இது என்று தெரிந்தது. உயிரோடு இருந்தபோது சொல்லப்பட்டது பார்க்கின்சன் மட்டும்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பம். காலையில் செய்தித்தாள் படித்து அரசியல் பேசியவர் மதியம் வெறித்த பார்வையோடு உட்கார்ந்திருப்பார். “வேணும்னே பண்றார்” என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள், ஏனென்றால் நேற்று முடிந்தது இன்று முடியவில்லை. அல்சைமரிலும் நல்ல நாள் கெட்ட நாள் உண்டு. ஆனால் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருப்பதில்லை.

அடுத்து, உருவங்கள். மங்கலான நிழலாக இராது. சட்டை நிறம் வரை சொல்வார்கள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பிள்ளைகள், ஜன்னலில் பூனை, முற்றத்தில் யாரோ ஒருவர். பலருக்குப் பயமே இருப்பதில்லை. “அந்தப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டியா?” என்று மனைவியிடம் கேட்பார். நம் ஊரில் இதைக் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். செத்துப்போன அம்மா வந்து நின்றதாகச் சொன்னால், நல்லதென்று கும்பிட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். நினைவு தப்புவதற்கு முன்பே இவை வரலாம் என்பதால், அந்த நிலையில் டிமென்ஷியா என்று யாருக்கும் தோன்றுவதில்லை. (பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கும் தெளிவான புத்தியோடு இப்படி உருவங்கள் தெரிவதுண்டு. அது சார்ல்ஸ் போனே நோய்க்குறி, டிமென்ஷியா அல்ல. கண்ணையும் பார்த்துவிட வேண்டும்.)

மூன்றாவது, தூக்கம். கனவு காணும்போது நம் உடல் தளர்ந்து கிடக்கும். இவர்களுக்கு அந்தக் கட்டு விட்டுப்போகிறது. கனவில் நாயை விரட்டினால் நிஜத்தில் கால் உதைக்கும், கை ஓங்கும், கத்துவார்கள். டிமென்ஷியாவுக்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே இது தொடங்கலாம். மேல்நாட்டுக் கட்டுரைகளில் கூடப்படுப்பவரைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கும். இங்கே பிள்ளைகள் வளர்ந்தபின் கணவர் திண்ணையில் அல்லது கூடத்தில், மனைவி பேத்தியோடு உள்ளே. அறிகுறி பல வருடம் பார்ப்பாரில்லாமல் போகிறது. கூடவே மோப்பம் குறைவது, அதாவது பால் தீய்வதும் காபி வாசனையும் தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், எழுந்து நின்றால் தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருத்துவரிடம் போயிருப்பார்கள். ஒரே ஃபைலில் சேர்த்துப் பார்த்தவர் இருக்க மாட்டார்.

இனி மருந்து. ராத்திரி கத்துகிறார், உருவம் தெரிகிறது என்று அழைத்துப் போனால், அவசரத்தில் ஹாலோபெரிடால் போன்ற மருந்தை ஊசியாகப் போட்டுவிடுவது உண்டு. லூயி உடல் நோயாளிகளில் பலருக்கு இது கடும் விறைப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரும்; உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் நடந்தே மருத்துவமனைக்குப் போனார், ஊசிக்குப் பின் மரக்கட்டையாகத் திரும்பினார். வார்டில் யாரும் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து இவர்களுக்கு உருவம் தெரிவதைக் குறைக்க உதவுவதுண்டு. நம் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தால், ஹாலோபெரிடால் வகை மனநோய் மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்ட வேண்டும்.

*

ரத்தக்குழாய் வகை. சுகரும் பிரஷரும் இவ்வளவு இருக்கும் நம் ஊரில் இது குறைவாகவே பேசப்படுகிறது. அல்சைமர் சரிவில் வழுக்குவதென்றால் இது படி இறங்குவது: ஒரு சின்ன ஸ்ட்ரோக், ஒரு படி, சிலகாலம் அங்கேயே நிற்பார், பிறகு இன்னொரு படி. எல்லோருக்கும் இப்படித்தான் என்றில்லை. நுண்ணிய குழாய்கள் கெட்டால் மெல்ல மெல்லவும் வரும். நினைவைவிட வேகம்தான் முதலில் போகிறது. கேள்விக்குப் பதில் வர நேரமாகும், நாம் பொறுமையிழந்து பதிலைச் சொல்லிவிடுவோம். நடை குறுகி, கால் தரையோடு இழுபடும்.

சீரியல் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுவார், அடுத்த நிமிடம் சிரிப்பார். உள்ளே அவ்வளவு துக்கம் இருப்பதாகப் பிள்ளைகள் தவித்துப்போவார்கள். அழுகையை அடக்கும் பாதை அறுந்திருக்கிறது, அவ்வளவே. இதில் ஒரு நம்பிக்கை உண்டு: பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைத்து, புகையை விட்டால் அடுத்த படியைத் தள்ளிப்போட முடியும்.

*

இன்னொரு வகை முதலில் பார்வையைக் குலைப்பது. டெர்ரி பிராட்செட், ஆங்கில நாவலாசிரியர், 2007இல் தன் நோயை வெளியே சொன்னார். மூளையில் நடப்பது பெரும்பாலும் அல்சைமர்தான். ஆனால் தாக்கியது பின்பகுதியை. கதை மறக்கவில்லை, தட்டச்சு செய்ய முடியவில்லை. சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொள்ள, மேலும் நாவல்கள் எழுதினார். இந்த வகைக்காரர்கள் முதலில் கண் மருத்துவரிடம்தான் போவார்கள். கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கண் நன்றாக இருக்கும். எதிரில் இருக்கும் டம்ளர் அகப்படாது.

*

இந்த வேறுபாடுகள் எல்லாவற்றையும் சமையலறையில் பார்க்கலாம். சாம்பாரில் இரண்டாம் முறை உப்புப் போடுபவருக்கு முதல் முறை போட்டது பதியவில்லை. இரண்டு அடுப்பைச் சேர்த்துக் கவனிக்க முடியாமல் நடுவில் நின்றுவிடுபவருக்கு ஒவ்வொரு வேலையும் தெரியும், வரிசைதான் குலைந்திருக்கிறது. பாத்திரத்தை அடுப்புக்கு அரை அடி தள்ளி வைப்பவருக்கு இடம் அறிவது போயிருக்கிறது. விருந்தாளிக்கு வைத்த கேசரியை முழுக்கத் தின்றுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருப்பவர் மறந்துவிடவில்லை, அவருக்கு அடக்கம் போயிருக்கிறது. மருத்துவரிடம் “சமைக்க முடியலை” என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று சொல்லுங்கள்.

*

அடுத்து, கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் பரிசோதனைத் தாள். “இன்னைக்கு என்ன தேதி?” என்றால் விழிக்கும் ஆச்சிக்கு, நாளை மறுநாள் கிருத்திகை என்று தெரியும். பள்ளிக்கூடம் போகாதவரிடம் கடிகாரம் வரையச் சொல்லி மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை. ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவில்லாத முதியோருக்காக 1990களில் ஒரு பரிசோதனையை மாற்றி அமைத்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதற்குப் பதில் இருபதிலிருந்து மூன்று மூன்றாக. எளிய மாற்றம், ஆனால் வந்தவரை மதிக்கிற மாற்றம். மறுபக்கம், அந்தக் கணக்கு ஆசிரியர் இந்தத் தாளில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்.

ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இது தெரிந்தது. எனக்கு அதே அளவு முக்கியமாகப் பட்டது, அந்த 648 பேரில் அல்சைமர் 240 பேர்தான் என்பது. மற்றவர்கள் எல்லாம் மேலே சொன்ன வேறு வகைகளும் கலப்பும். இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வந்த கணிப்பு சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் வகையின் பெயர் தெரியும்?

*

டிமென்ஷியா என்று முடிவு செய்யும்முன் விலக்க வேண்டியவை: தைராய்டு, பி12 குறைவு, விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம், மனச்சோர்வு. இவற்றுக்கு மருத்துவம் உண்டு. 1965இல் பொகோட்டாவின் சலமோன் ஹக்கீம் விவரித்த மூளை நீர்த்தேக்கமும் அப்படித்தான்: காலைத் தரையோடு ஒட்டிவைத்ததுபோன்ற நடை, அடக்க முடியாத சிறுநீர், மந்தம். நீரை வடித்தால் நன்றாக நடப்பவர்கள் உண்டு. இரண்டே நாளில் திடீரென்று குழம்பினால் அது டிமென்ஷியாவாக இருக்காது. சிறுநீர்த் தொற்றோ, உப்புக் குறைவோ, புது மாத்திரையோ என்று பாருங்கள்.

*

இவ்வளவு பிரித்துச் சொன்னபின் இதையும் சொல்ல வேண்டும். எண்பது தாண்டியவர்களின் மூளையை இறந்தபின் பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட நோய் கலந்திருப்பதுதான் அதிகம். அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரீகளிடம் நடந்த நெடிய ஆய்வில், மூளையில் அல்சைமர் தடயம் நிறைய இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு. சிறு ஸ்ட்ரோக்கும் சேர்ந்தவர்களிடம் தடுமாற்றம் அதிகம். ஆகவே மருத்துவர் “இது கலப்பு” என்றால், தெரியாமல் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

*

சொத்து. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வழக்கமாகப் புத்தி தெளிவில்லாதவரும் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவும் உயிலுக்கு அப்படியே. லூயி உடல் நோயாளிக்கு இது ஏறக்குறைய அளவெடுத்ததுபோல் பொருந்தும். அவருக்குத் தெளிந்த வேளைகள் உண்மையாகவே உண்டு, அன்று மருத்துவர் சான்றோடு உயில் எழுதலாம். முன்மூளைச் சிதைவுக்காரருக்குத் தெளிந்த நேரம், தெளியாத நேரம் என்று இல்லை. எப்போதும் விழிப்பாக இருப்பார். பெயர், ஊர், சர்வே நம்பர் எல்லாம் தடுமாறாமல் சொல்வார். சட்டம் கேட்பது அதற்கு மேலே ஒன்று: இந்த ஒப்பந்தத்தால் தனக்கு என்ன ஆகும் என்று எடைபோடும் திறன். பத்திரம் பதியும் இடத்தில் அதை எடைபோட்டுப் பார்க்கும் கேள்வி கேட்கப்படுவதில்லை.

அந்த ஆசிரியர் வீட்டு மனையைப் பழக்கமில்லாத ஒருவருக்குப் பாதி விலைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். கையெழுத்து ஆடவில்லை. அவர் மனைவி இப்போது வழக்கறிஞரிடம் அலைகிறார். பந்தியில் ஜாங்கிரி எடுத்த நாளிலிருந்து எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார் வழக்கறிஞர்.